மடக்கினுள் மடக்கு: நட்சத்திர முக்கோணத்தின் முன்கதை

கணினிக்கு நிரல் எழுதக் கற்கும் எவரும் தொடக்க வாரங்களிலேயே ஒரு முக்கோணத்தின் முன் வந்து நிற்கிறார்கள். முதல் வரியில் ஒரு நட்சத்திரக் குறி, இரண்டாம் வரியில் இரண்டு, மூன்றாம் வரியில் மூன்று என ஐந்து வரிகள்.

*

*

*

பார்த்தால் குழந்தை விளையாட்டு. ஆனால் ஐந்து வரிகளுக்கும் ஐந்து ஆணைகளைத் தனித்தனியே எழுதி இதை வரைந்துவிடக் கூடாது என்பது நிபந்தனை. நட்சத்திரத்தை அச்சிடும் ஆணை நிரலில் ஒரே ஓர் இடத்தில்தான் வரலாம். அதைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் பொறுப்பு இரண்டு எண்ணிகளுடையது. ஒன்று வரிகளை எண்ணுகிறது. மற்றது அந்த வரிக்குள் நட்சத்திரங்களை எண்ணுகிறது. வெளியே இருப்பது ஓரடி நகர்வதற்குள் உள்ளே இருப்பது தன் ஓட்டம் முழுவதையும் முடித்தாக வேண்டும். கடிகாரத்தின் மணிமுள் ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குச் செல்வதற்குள் நிமிடமுள் ஒரு முழு வட்டம் வந்துவிடுவதை இதற்கு உவமையாகச் சொல்வதுண்டு. உவமை நல்லதுதான், ஆயினும் போதாது. நிமிடமுள்ளின் ஓட்டம் எப்போதும் அறுபது. முக்கோணத்திலோ உள்ளே ஓடும் எண்ணியின் எல்லை, வெளியே நிற்கும் எண்ணியைப் பார்த்து வரிக்கு வரி மாறுகிறது. மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஆங்கிலத்தில் லூப் எனப்படுவதைத் தமிழ்வழிப் பாடநூல்கள் 'மடக்கு' என்கின்றன. இச்சொல்லைத் தேர்ந்தவர் தமிழ்ப் படித்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்வதுண்டு. தண்டியலங்காரத்தின் சொல்லணியியலில் மடக்கு என்றோர் அணி உண்டு. ஒரே எழுத்துத்தொடர் மீண்டும் மீண்டும் வரும். வரும்போதெல்லாம் வேறு பொருள் தரும். நிரலில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. எழுதப்பட்ட ஆணை ஒன்றுதான். அது மூன்றாம் முறை நிறைவேறும்போது அதற்குள் இருக்கும் எண்ணி மூன்று என்று பொருள்படுகிறது. நான்காம் முறை நான்கு என்று பொருள்படுகிறது. சொல் மாறாமல் பொருள் மாறும் இந்த உத்தியைப் பிடித்துக்கொண்டவருக்கு நிரலாக்கத்தின் பாதிக் கதவு திறந்துவிட்டது எனலாம்.

*

நட்சத்திரம் எங்கிருந்து வந்தது? இன்றைய திரையில் எந்த வண்ணத்திலும் எந்த வடிவத்தையும் வரைய முடியும்போது, இடப்பக்கத்தை ஒட்டி உடுக்குறிகளை அடுக்கும் இந்தப் பழைய பயிற்சி ஏன் இன்னும் ஒழியவில்லை? இதற்கு விடை தேடினால் கணினிக்குத் திரையே இல்லாதிருந்த காலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

1957-இல் ஜான் பேக்கஸும் அவருடைய குழுவினரும் ஐ.பி.எம். 704 கணினிக்காக ஃபோர்ட்ரான் மொழியை வெளியிட்டார்கள். 'டூ' என்ற ஒற்றை ஆணையால் ஒரு பகுதியைக் குறித்த தடவைகள் திரும்பச் செய்விக்கலாம். அதற்குள் இன்னொரு டூவையும் வைக்கலாம். அறிவியலாரின் கணக்குகளில் பெரும்பகுதி நிரையும் நிரலுமாக அடுக்கிய எண் அட்டவணைகளைப் பற்றியது. அத்தகைய அடுக்கு மடக்குகளை மனிதர் கைப்பட எழுதியது போல் விரைவாக ஓடச் செய்வதில்தான் அக்குழுவின் உழைப்பில் கணிசமான பங்கு செலவானது. அம்மொழியில் ஐ முதல் என் வரையிலான எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் முழு எண்களைக் குறித்தன. கணிதத்தில் அட்டவணைகளுக்கு ஐ, ஜே என்று சுட்டெண் இடும் வழக்கம் முன்பே இருந்தது. இரண்டும் சேர்ந்து, இன்று பைத்தான் கற்கும் பிள்ளைகளும் காரணம் தெரியாமலேயே வெளிமடக்குக்கு ஐ என்றும் உள்மடக்குக்கு ஜே என்றும் பெயரிடுகிறார்கள். ஊர்ப்பெயர்களில் பழங்காலம் தங்கியிருப்பதைப் போல இதுவும் ஒரு தங்கல்.

விடைகள் வெளிவந்தது வரி அச்சுப்பொறியில். 1959-இல் அறிமுகமான ஐ.பி.எம். 1403 ஒரு வரிக்கு 132 இடங்கள் கொண்டது. நிமிடத்துக்கு 600 வரிகள் அடித்துத் தள்ளும். அதன் எழுத்துச் சங்கிலியில் 26 ஆங்கிலப் பேரெழுத்துகள், 10 எண்கள், 12 குறிகள், ஆக 48 எழுத்துருக்கள். கோடு கிடையாது, வளைவு கிடையாது. படம் வேண்டுமென்றால் இந்த 48-ஐக் கொண்டுதான் செய்ய வேண்டும். பன்னிரண்டு குறிகளுள் ஒன்று நட்சத்திரம்.

அந்தப் பொறியின் இயல்பு இன்னொன்றும் உண்டு. தாள் மேல்நோக்கி ஓடும், திரும்பாது. ஃபோர்ட்ரானில் ஒவ்வொரு வரியின் முதல் இடத்தில் வரும் குறி தாளின் நகர்வைத் தீர்மானித்தது. 1 என்றிருந்தால் புதிய பக்கம். 0 என்றிருந்தால் ஒரு வரி கூடுதலாக விட்டு அச்சிடும். கூட்டல் குறி என்றிருந்தால் தாள் நகராமல் அதே வரியின்மேல் மறுபடியும் அடிக்கும். அப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடித்துக் கருமையைக் கூட்டிக் குறைத்து முகங்களையும் நாய்க்குட்டிப் படம் போட்ட நாட்காட்டிகளையும் அச்சிட்டு அறைச் சுவர்களில் ஒட்டிவைத்திருந்தது ஒரு தலைமுறை. எப்படிச் செய்தாலும், முடிந்துபோன வரிக்குத் திரும்பிச் செல்ல வழியில்லை. எனவே ஒரு வடிவத்தை வரைய விரும்புகிறவர் அதை வடிவமாகக் காண்பதை நிறுத்திவிட்டு, வரிகளாக அரிந்து காண வேண்டியிருந்தது. மலையை மலையாகப் பார்க்காமல், உச்சி வரியில் எத்தனை, அடுத்த வரியில் எத்தனை என்று கேட்க வேண்டும்.

இந்தத் தடையில்தான் பயிற்சியின் உயிர் இருக்கிறது என்பது நம் எண்ணம். கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி மொழி நூல் 1978-இல் வந்தது. சொற்களின் நீளங்களைப் பட்டை வரைபடமாக அச்சிடும்படி அதில் ஒரு பயிற்சி. பட்டைகளைக் கிடையாக வரைவது எளிது, செங்குத்தாக வரைவது கடினம் என்ற பொருளில் ஒரு குறிப்பும் உண்டு. ஏன் கடினம்? கிடைப்பட்டையில் ஒரு வரி ஒரு பட்டை. செங்குத்தில், ஒவ்வொரு வரியும் எல்லாப் பட்டைகளையும் சந்தித்து, 'இந்த உயரத்தில் நீ இருக்கிறாயா' என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். கேள்வியின் திசையே புரண்டுவிடுகிறது.

அடுத்த பயிற்சியான கூம்பு இன்னும் நுட்பமானது. முதல் வரியில் நடுவில் ஒரு நட்சத்திரம், அதன் கீழ் மூன்று, பின் ஐந்து, ஏழு, ஒன்பது. நட்சத்திரங்களை எண்ணிவிடுவார்கள். ஆனால் முதல் நட்சத்திரத்துக்கு இடப்புறம் உள்ள நான்கு வெற்றிடங்களையும் நிரல்தான் அச்சிட வேண்டும் என்பது எளிதில் தோன்றாது. எழுதுகிறவன் தாளில் இடம் விட்டு எழுதுகிறான். விட்ட இடத்தை அவன் எழுதுவதில்லை. அச்சுப்பொறியிலோ வெற்றிடமும் ஓர் எழுத்து. அதையும் எண்ணித்தான் இட வேண்டும். நட்சத்திரங்கள் இரண்டிரண்டாகக் கூட, வெற்றிடங்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. வெளிமடக்கு ஒன்றுக்குள் உள்மடக்குகள் இரண்டு, ஒன்று மெலிய மற்றது தடித்து ஓடுகின்றன. இல்லாததையும் எண்ணக் கற்பிக்கும் பாடம் என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது.

பைத்தான் மொழியில் நட்சத்திரத்தை ஓர் எண்ணால் பெருக்கினாலே அத்தனை நட்சத்திரங்கள் வந்துவிடும். உள்மடக்கை எழுதவே வேண்டாம். அது மறைந்து நிற்கிறதே ஒழிய இல்லாமற் போகவில்லை.

இரண்டு மடக்குகளால் கலைப்படைப்பு ஆகுமா என்று ஐயுறுவோருக்கு ஜெர்மானியரான ஜியார்க் நேஸைச் சுட்டலாம். 1965-இல் ஷ்டுட்கார்ட்டில், மாக்ஸ் பென்ஸே இருந்த பல்கலைக்கழகத்தில், கணினி வரைந்த படங்களைக் காட்சிக்கு வைத்தவர். அவருடைய 'ஷோட்டர்' 1968-ஐ ஒட்டியது. சரளைக்கல் என்று பொருள். ஆல்கால் மொழியில் நிரல் எழுதி, கோன்ராட் ட்சூஸேயின் கிராஃபோமாட் என்ற வரைபொறியால் வரையப்பட்டது. வரிக்குப் பன்னிரண்டு சதுரங்கள், இருபத்திரண்டு வரிகள். மேல் வரியில் எல்லாச் சதுரங்களும் ஒழுங்காக நிற்கின்றன. கீழே இறங்க இறங்க ஒவ்வொன்றும் சற்றே சாய்கிறது, சற்றே விலகுகிறது; அடியில் வந்து சேரும்போது கொட்டிய கற்குவியல். செய்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு சதுரமும் குருட்டாம்போக்கில் எவ்வளவு பிசகலாம் என்ற அளவை, வெளிமடக்கின் எண்ணியோடு சேர்த்து வளரவிட்டார். முக்கோணத்தில் நட்சத்திரங்களின் எண்ணிக்கையை வளர்க்கும் அதே எண்ணி இங்கே குலைவை வளர்க்கிறது.

*

ஃபோர்ட்ரானுக்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னதாகவே மடக்கினுள் மடக்கு எழுத்தில் பதிவாகிவிட்டது. சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட, ஆனால் அவர் காலத்தில் முழுதாகக் கட்டப்படாமலே போன பகுப்பாய்வுப் பொறியைப் பற்றி இத்தாலியரான மெனப்ரியா 1842-இல் பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதினார். அதை ஆங்கிலத்தில் பெயர்த்த ஏடா லவ்லேஸ், மூலத்தைவிடப் பல மடங்கு நீளமான குறிப்புகளைச் சேர்த்து 1843-இல் வெளியிட்டார். உரையாசிரியர் மூலநூலாசிரியரை விஞ்சிய கதைகள் நமக்குப் புதியவை அல்ல. அக்குறிப்புகளில் ஒன்று, திரும்பத் திரும்ப நிகழும் செயல்தொகுதியைச் சுழற்சி என்று வரையறுக்கிறது. அதோடு நில்லாமல் சுழற்சிகளின் சுழற்சியையும் பேசி, அதை எழுதுவதற்கான குறியீட்டையும் தருகிறது. துளையிட்ட அட்டைகளைப் பின்னோக்கித் திருப்பி மறுபடியும் மறுபடியும் பயன்படுத்தினால் அட்டைகளின் எண்ணிக்கை குறையும் என்பதையும் அவர் விளக்குகிறார். ஒருமுறை எழுதிப் பலமுறை செய்வித்தல் என்ற சிக்கனம் அங்கேயே தெளிவாகிவிட்டது.

அட்டைகள் தறியிலிருந்து வந்தவை. லியோன் நகரில் 1804-ஐ ஒட்டி ஜாக்கார்டு அமைத்த தறியில், ஓர் அட்டைக்கு ஓர் ஊடை. அட்டையில் துளை உள்ள இடத்தில் பாவிழை உயரும். இல்லாத இடத்தில் கிடக்கும். அட்டைகளைக் கோத்து இரு முனைகளையும் இணைத்துவிட்டால் அதே பூ சேலை நெடுகிலும் விழுந்துகொண்டே போகும். 1839-இல் ஜாக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அதில் ஒரு பிரதி பாபேஜிடம் இருந்தது. தறியும் வரி வரியாகத்தான் வரைகிறது. முடிந்த ஊடைக்குத் திரும்பிச் செல்வதில்லை. வரி அச்சுப்பொறியின் மூதாதையைத் தேடினால் தட்டச்சுப் பொறியைவிடத் தறியே நெருங்கிய உறவாகப் படுகிறது.

*

இவ்விடத்தில் தமிழ் ஆசிரியருக்கு நாக்கு துருதுருக்கும். நமக்கும்தான். எண் கூம்பு என்றொரு பயிற்சி உண்டு:

1
121
12321
1234321

இதைக் கண்டதும் எழுகூற்றிருக்கை நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. ஒன்று, இரண்டு, ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என ஏழுவரை எண்ணுப்பெயர்கள் ஏறியும் இறங்கியும் வரும்படி யாக்கப்படும் செய்யுள் அது. தேர் வடிவில் எழுதிக் காட்டுவர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் சீகாழியின்மீது பாடியிருக்கிறார். திருமங்கையாழ்வார் திருக்குடந்தைப் பெருமான்மீதும், பின்னாளில் அருணகிரிநாதர் சுவாமிமலை முருகன்மீதும் பாடினார்கள். ஏழு வரிக் கூம்பில் ஒன்று, மூன்று, ஐந்து எனப் பதின்மூன்று வரை ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் 49 கட்டங்கள் வரும், ஏழின் வர்க்கம்.

'ஆகவே நிரலாக்கம் நம் முன்னோர் அறிந்ததே' என்று எழுதிவிட ஆசையாகத்தான் இருக்கும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கலாகாது. எழுகூற்றிருக்கையில் வடிவம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. கவிஞரின் சாதனை, அந்த இறுக்கத்துக்குள் 'ஒன்று' வரும் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பொருளை, இறைவனைக் குறித்த உண்மையான ஒரு கூற்றை, வைத்தது. நிரல் எழுதுபவரின் வேலை அதற்கு நேர்மாறு: உள்ளே வைப்பது வெறும் நட்சத்திரம், எண்ணம் முழுவதும் வடிவத்தைப் பிறப்பிக்கும் விதியின்மேல். இரண்டும் ஒரே கூம்பின் இரு சரிவுகள் என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

ஆனால் சித்திரகவிகளுள் ஒன்று இந்தப் பயிற்சிக்கு இன்னும் நெருங்கி வருகிறது. சருப்பதோபத்திரம். எட்டெழுத்து அடிகள் நான்கு. அவற்றை மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் எழுதினால் 64 கட்டங்கள் நிரம்பும். எந்தத் திசையில் படித்தாலும், கிடையாகவோ நெடுகவோ, முன்னிருந்தோ பின்னிருந்தோ, அதே செய்யுள் வரவேண்டும். வடமொழியில் பாரவியின் கிராதார்ஜுனீயத்திலேயே இவ்வகை உண்டு. தமிழுக்குத் தண்டியலங்காரம் இலக்கணம் சொல்கிறது. இதில் கவிஞருக்கு உண்மையில் எத்தனை எழுத்துகளைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இருக்கிறது என்று கணக்கிட்டுப் பார்த்தோம். அடி திருப்பிப் படித்தாலும் அதுவே என்பதால் பாதி போயிற்று. கீழ்ப்பாதி மேற்பாதியின் நிழல் என்பதால் அதிலும் பாதி போயிற்று. மிஞ்சியது நான்குக்கு நான்கு, 16 கட்டங்கள். கிடையாகப் படித்ததே நெடுகவும் வரவேண்டும் என்பதால் மூலைவிட்டத்துக்கு மேலே உள்ளவை கீழே உள்ளவற்றின் நகல். ஆக முதல் வரியில் ஓரெழுத்து, இரண்டாம் வரியில் இரண்டு, மூன்றாவதில் மூன்று, நான்காவதில் நான்கு. மொத்தம் பத்தே பத்து. மற்ற 54 எழுத்துகளும் விதிப்படி தாமாகவே விழுந்துவிடும். 64 கட்ட மாளிகைக்குள் ஒளிந்திருப்பது நான்கு வரி நட்சத்திர முக்கோணம்.

*

பகுதி ஒன்று தமிழ் வகுப்புக்குக் கணினி அறிவியல் மாணவர்களும் நம்மிடம் வருகிறார்கள். கணினிப் பதிவேட்டை எழுதி முடிக்கும் அவசரத்தில் நம் வகுப்பிலேயே பின்வரிசையில் அமர்ந்து அதைப் படியெடுப்பவர்களும் உண்டு. 'ஸ்டார் ப்ரோக்ராம்' என்று அவர்கள் சொல்லும் அந்த நிரல் மனப்பாடமாகிவிடுகிறது. ஐந்து வரி முக்கோணம் கேட்டால் வரும். தலைகீழ் முக்கோணம் கேட்டால் கை நின்றுவிடும். அதற்குத் தனியே இன்னொரு நிரலை மனப்பாடம் செய்திருந்தால்தான் உண்டு. செய்முறைத் தேர்விலும், பின்னாளில் நிறுவனங்களின் எழுத்துத் தேர்விலும் இந்த வடிவங்கள் கேட்கப்படுகின்றன. தமிழ்வழியில் படித்து, வீட்டில் முதலாவதாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள்தான் இதில் அதிகம் சோர்ந்துபோகிறார்கள். 'எனக்கு லாஜிக் வராது ஐயா' என்று ஒரு மாணவி சொல்லக் கேட்டிருக்கிறோம். சொன்னவர் மார்கழி முழுதும் தெருவை அடைத்துக் கோலம் போடுகிறவர்.

கோலத்தின் குறிப்பைக் கவனியுங்கள். வார இதழ்களின் மார்கழிச் சிறப்பிதழ்களில் படத்துக்குக் கீழே 'ஊடுபுள்ளி, 15 புள்ளி, 8 வரை' என்று ஒரு வரி இருக்கும். அவ்வளவுதான். அதைப் படித்தவர் நடுவில் 15 புள்ளிகளை ஒரு வரிசையாக வைப்பார். அதன் மேல், இரண்டு புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக, 14. பின் 13. எட்டு வந்ததும் நிறுத்துவார். பிறகு நடுவரிசைக்குக் கீழேயும் அதேபோல் 14-இலிருந்து எட்டு வரை. வரிசைகள் 15, புள்ளிகள் 169. பக்கத்துக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட அறுகோணம். நேர்ப்புள்ளி என்றால் விதி வேறு: புள்ளிக்கு நேர் மேலே புள்ளி, வரிசைக்கு இரண்டு குறையும். ஏழில் தொடங்கி ஒன்றில் முடித்தால் 7, 5, 3, 1, மறுபுறம் 5, 3, 1, ஆக 25.

ஊடுபுள்ளியா நேர்ப்புள்ளியா என்பது ஒரு தகவல், இரண்டு எண்கள். 169 புள்ளிகளையும் பிழையின்றி வைக்க இது போதும் என்றால், அக்குறிப்பைப் படித்துச் செயல்படுத்தும் மனத்துக்குள் வெளிமடக்கும் உள்மடக்கும், வெளியெண்ணியைச் சார்ந்து மாறும் உள்ளெல்லையும் முன்பே குடியிருக்கின்றன. வேறுபாடு ஒன்றே ஒன்று: வாசலில் கை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் போகலாம். வரி அச்சுப்பொறி எட்டில் தொடங்கிப் பதினைந்துக்கு ஏறி மறுபடி எட்டுக்கு இறங்க வேண்டும். வாசலில் இயல்பாக விட்டுவிடும் வெற்றிடத்தை எண்ணி அச்சிட வேண்டும். அந்த மாணவியிடம் சொல்லப்பட வேண்டியிருந்தது இந்த வேறுபாடு மட்டும்தான். அதை விடுத்து முழுவதையும் புதிதாகச் சொல்லித் தந்ததில்தான் அவருக்கு அது அயலாகிப் போனது.

*

புள்ளி வைப்பதோடு கோலம் முடிவதில்லை. அடுத்து இழுக்கப்படும் கம்பிக்கும் சிக்குக்கும் இந்த மடக்குகள் பயன்படா. அதையும் சொன்னால்தான் நேர்மை.

செவ்வகமாகப் புள்ளி வைத்து, இழை புள்ளிகளுக்கு நடுவே சாய்வாக ஓடி, ஓரம் வந்ததும் வளைந்து திரும்பி, எல்லாப் புள்ளிகளையும் சுற்றி வரும் எளிய சிக்கை எடுத்துக்கொள்வோம். மூன்றுக்கு நான்கு புள்ளி என்றால் கையை எடுக்காமல் ஒரே இழையில் முடியும். நான்குக்கு நான்கு என்றால் முடியாது; நான்கு தனி இழைகள் வேண்டும். நான்குக்கு ஆறு என்றால் இரண்டு. ஐந்துக்கு ஆறு என்றால் மறுபடியும் ஒன்று. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அத்தனை இழைகள். அங்கோலாவில் சோக்வே மக்கள் மணலில் வரையும் சோனா படங்களிலும் இதே விதிதான் நிற்கிறது. அவற்றையும் தமிழ்க் கோலங்களையும் சேர்த்து ஆராய்ந்தவர் மொசாம்பிக்கில் வாழ்ந்த கணிதவியலாளர் பாவுலுஸ் கெர்டெஸ். புள்ளி வைக்கத் தெரிந்த மடக்குக்கு, இழை எப்போது மூடும் என்று தெரியாது. இழை இழுப்பவர் எத்தனை முறை வளைவது என்று முன்கூட்டியே எண்ணி வைத்துக்கொள்வதில்லை. தொடங்கிய இடம் வந்ததும் நிறுத்துகிறார். பாடநூல்களில் இதற்கு வேறு வகை மடக்கு உண்டு. நிபந்தனை நிறைவேறும்வரை ஓடுவது.

இந்த இரண்டாவது கையை ஆராய்ந்தவர்கள் சென்னைக்காரர்கள். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி (1932-1988) புள்ளியியலாளர். சிந்துவெளி எழுத்துகள், தமிழ்க் கல்வெட்டுகள் என்று பல புலங்களில் கால் பதித்தவர். அவர் துணைவியார் ராணி சிரோமணி இந்தியாவில் கோட்பாட்டுக் கணினியியலைத் தொடங்கி வைத்தவர்களுள் ஒருவர். அவரிடம் ஆய்வு செய்து, பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர் கமலா கிருத்திவாசன். ஒரு மொழியின் வாக்கியங்களைச் சில விதிகளால் பிறப்பிக்கலாம் என்ற சாம்ஸ்கியின் இலக்கணக் கோட்பாட்டை, இவர்கள் சொற்களின் வரிசையிலிருந்து கட்டங்களின் பரப்புக்கு விரித்தார்கள். 1972-இல் முதற்கட்டுரை. முதலில் கிடையாக ஒரு வரி பிறக்கும். பின் அவ்வரியின் ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரே நேரத்தில் கீழ்நோக்கி நெடுவரிகள் வளரும். சிரோமணி மேட்ரிக்ஸ் கிராமர் என்று இன்று உலகறியும் பெயர். மேட்ரிக்ஸுக்குத் தமிழ்க் கணிதநூல்கள் இட்ட பெயர் 'அணி'. ஆக இது 'சிரோமணி அணி இலக்கணம்'! தண்டியாசிரியர் கேட்டால் மகிழ்வாரோ சினப்பாரோ.

மூவரும் சேர்ந்து எழுதிய கட்டம்சார் இலக்கணங்களும் கோலமும் பற்றிய கட்டுரை 1974-இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. எந்தக் கோலத்தை எவ்வகை விதிகளால் பிறப்பிக்கலாம் என்று வகைப்படுத்த முற்பட்ட கட்டுரை அது. மாசச்சூசெட்ஸில் 1967-இல் உருவான லோகோ மொழியில் ஆமை ஒன்று உண்டு. முன்னே போ, வலப்புறம் திரும்பு என்ற ஆணைகளுக்கேற்ப நகர்ந்து கோடிழுக்கும். வரி அச்சுப்பொறிக்குத் தெரியாத, ஆனால் கோலமிடும் கைக்குத் தெரிந்த வழி அது. தாவர வளர்ச்சியை விளக்க லிண்டன்மேயர் வகுத்த விதிகளையும் அந்த ஆமையையும் இணைத்துப் புரூசின்கீவிச் 1986-இல் கணினிப் படங்கள் வரைந்தபோது, சிரோமணியரின் ஆய்வுவழி அறிந்த கோலம் ஒன்றையும் அதில் வரைந்து காட்டினார். கிஃப்ட் சிரோமணியின் நினைவாக 1989-இல் வந்த தொகுதியில், அவர் பெயரும் சேர்ந்த கம்பிக் கோலக் கட்டுரை ஒன்று இடம்பெற்றது. இழையின் ஒவ்வொரு வளைவையும் ஓர் எழுத்தாகக் கொண்டு கோலத்தை ஒரு சுழல் சொல்லாகப் படிக்க முயல்வது அது. வட்டமாக எழுதிய சொல்லை எங்கிருந்து படிக்கத் தொடங்கினாலும் அதே கோலம். ராணி சிரோமணி 2019-இல் மறைந்தார்.

இவர்களுடைய பெயர்கள் நம் மாணவர்களின் பதிவேடுகளில் எங்கும் இல்லை. நட்சத்திர முக்கோணத்துக்கு அடுத்த பயிற்சியாக 'ஊடுபுள்ளி 15, 8 வரை' என்பதைச் சேர்க்க இயலுமா என்று கணினித் துறை நண்பர்களிடம் கேட்டிருக்கிறோம். பாடத்திட்டக் குழு கூடும்போது பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். சிலர், ஊடுபுள்ளி என்றால் என்ன என்று கேட்டார்கள், வரைந்து காட்டினோம்.